சேர்க்கை சரியில்லை

ஆறு வெள்ளிக் கிண்ணங்களையும் தலையணை உறைக்குள் போட்டுச் சுருட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள் டீச்சர். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடமே இருக்கும் தலைமையாசிரியை இப்படி முட்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் பாதி நுழைந்திருந்ததை அவளுடைய மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். கூடத்தில் அவளுடைய தம்பி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை.

“வர்றாங்க,” என்று ஜன்னலோரத்திலிருந்து அவளுடைய வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “மூணு பேரு. தெருமுனையில நின்னு வீடு எதுன்னு விசாரிக்கிறாங்க.”

“எந்த மூணு பேரு?”

“வேற எந்த மூணு பேரு? உன் தம்பியோட ஆளுங்கதான்.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடிக்கணினி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ரேடியோ வந்துவிட்டது. பித்தளை விளிம்பு வைத்த சுவர்க் கடிகாரத்தைக்கூட ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். அது பள்ளியின் வெள்ளிவிழாவில் அவளுக்குக் கொடுத்த பரிசு. கடைசியாகத் தன் கைப்பையையும் எடுத்து வந்து அறை மேஜைமேல் வைத்து, வெளியே வந்து கதவை இழுத்தாள். அது ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பி தன் கையால் போட்டுக் கொடுத்த பூட்டு. இழுத்தால் போதும், தானே பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும்.

ஊரில் அவனைச் சாவிக்காரன் என்பார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் உட்கார்ந்து பூட்டு பழுதுபார்ப்பது, சாவி வெட்டுவது, புதுப் பூட்டுப் போட்டுக் கொடுப்பது என்று நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட நேரம் ஒரு பூட்டு உருவத்தில் வந்தது. மருந்துக் கிடங்கு ஒன்றுக்கு அவன் போட்டுக் கொடுத்த பூட்டை எவனோ கீறல்கூட விழாமல் திறந்துவிட்டான். பிடிபட்டவன் ஒரு நெட்டையன் என்று செய்தி வந்ததும் வேறு யாராக இருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? சிறைக்கு மனுப் போட்டு, வரிசையில் நின்று, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற நெட்டையனிடம், “என் பூட்டை எப்படித் திறந்தே?” என்று கேட்டான். நெட்டையன் சொல்லவில்லை. அடுத்த மாதம் மறுபடி போனான். மூன்றாவது மாதம் நெட்டையன் சொன்னான். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் தம்பி மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தான். நெட்டையன் வெளியே வந்ததும் நேராகக் கடைக்குத்தான் வந்தான். சிறைக்குள் பழகிய இரண்டு பேரையும் கூடவே அழைத்து வந்தான்.

பூட்டுக்காரன் கடையில் மூன்று திருடர்கள். டீச்சருக்கு இது எப்படி இருந்திருக்கும். பெற்றோர்களிடம் முப்பத்திரண்டு வருடமாக அவள் ஒரே பேச்சைத்தான் பேசி வருகிறாள்: “மார்க்கை விடுங்க. உங்க பையன் யார் பக்கத்துல உக்கார்றான்னு பாருங்க.” ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பாள். தம்பியை மட்டும் அவளால் இடம் மாற்றி உட்கார வைக்க முடியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் நின்றது. மூன்று பேரும் செருப்பைப் படியில் விடாமல் தெருவிலேயே ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள். நெட்டையன் இப்போது சுண்ணாம்பு, பெயின்ட் அடிக்கிற வேலை செய்கிறான் என்று தம்பி சொல்லியிருக்கிறான். காது மடலில்கூட வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. இன்னொருவன் துணி தேய்க்கிறவன். மூன்றாமவன் குள்ளன், பேக்கரியில் மாவு பிசைகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் குடித்துக்கொண்டே தம்பி இதையெல்லாம் சொல்லுவான். அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை என்றுதான் நினைத்திருந்தாள், ஆனால் எல்லாம் ஞாபகம் இருந்தது.

அவர்கள் கொண்டுவந்த வெள்ளைப் பூக்களைக் காலடியில் வைத்தார்கள். போர்த்திய துணி ஒரு பக்கம் விலகி, தம்பியின் கால்விரல் தெரிந்தது. குள்ளன் குனிந்து துணியை இழுத்துச் சரிசெய்தான். தேய்க்கிறவன் மெதுவாகத் தம்பியின் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தான்.

அவன் நகர்ந்ததும் டீச்சர் தம்பியின் விரலைப் பார்த்தாள். மோதிரம் இருந்தது.

தலையை நிமிர்த்தினால் நெட்டையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எதைப் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் முகம் மாறவில்லை. “வர்றோம்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்க்கா,” என்று மட்டும் சொன்னான். அவன் தன்னை அக்கா என்று கூப்பிட்டது அவளுக்குச் சுருக்கென்றது. துக்கத்துக்கு வந்திருந்த அக்கம்பக்கத்தார் யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்தாள். அப்புறம் அப்படிப் பார்த்ததற்காகவும் வெட்கமாக இருந்தது.

நாற்காலி காட்டினார்கள், மூவரும் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார்கள். சுவரோரமாக வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் கோத்துக்கொண்டார்கள்.

பள்ளித் தாளாளர் இரண்டு ஆசிரியைகளுடன் வந்தது அப்போதுதான். சந்தன நிறச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி; அவர் உட்காருகிற இடத்தில் பேச்சு தானாகவே அடங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு டீச்சர் பக்கம் சாய்ந்தார்.

“இவங்கல்லாம் யாரு டீச்சர்? சொந்தக்காரங்களா?”

“தெரியலை சார்,” என்றாள். “கடைப்பக்கம் இருக்கிறவங்களா இருக்கும்.”

சுவருக்கும் அவளுக்கும் நான்கடி தூரம்கூட இல்லை. நெட்டையன் கூரையைப் பார்த்தான்.

தாளாளர் முன்னால் இப்படிச் சொல்வது அவளுக்கு முதல் தடவை இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் பல் டாக்டர் வீட்டில் பீரோ திறந்து நகை போயிருந்தது, பூட்டு உடைபடவில்லை. பூட்டுப் போட்டவன் யார் என்று விசாரித்துக்கொண்டு போலீஸ் அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். “உங்க தம்பியைப் பத்தி நீங்களே சொல்லுங்க டீச்சர். உங்க வார்த்தையை நம்பறேன்,” என்றார். பக்கத்து நாற்காலியில் தாளாளர் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தலைமையாசிரியை பதவிக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். ‘அவன் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று மூன்று வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “என் தம்பி நல்லவன்தான் சார். சேர்க்கைதான் சரியில்லை.”

தம்பியின் சேர்க்கையைப் பற்றி அன்று அவளுக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. தம்பி என்கிற சேர்க்கை தன்மேல் ஒட்டிவிடக்கூடாது என்பதுதான் கவலை.

அந்த ஒரு வரி ஊர் முழுக்கச் சுற்றி வந்தது. சொந்த அக்காவே, அதுவும் டீச்சரே சொல்லிவிட்டாள் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும். இரண்டு மாதம் கழித்து, டாக்டரின் மருமகனே சாவி போட்டு எடுத்த விஷயம் வெளியே வந்தது. அதை யாரும் தெருத் தெருவாகப் போய்ச் சொல்லவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. அதற்குள் அவள் நாற்காலி மாறியிருந்தது. அதற்குப் பிறகு தம்பியிடம் யாரும் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவன் குடைக்கம்பி மாற்றிக் கொடுத்தான், ஜிப் தைத்துக் கொடுத்தான். அவள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைகளில் பாதிக்கு அவன்தான் ஜிப் போட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான், தேநீர் குடித்தான், போனான். அந்த வார்த்தையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று அவளும் நிம்மதியாக இருந்தாள்.

இரண்டரை மணிக்கு வண்டி வந்தது. மூன்றரைக்கு மயானத்தில் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் வாசலிலிருந்து உள்ளே வந்தார்.

“பேப்பரை எடு. டாக்டர் குடுத்தது, அப்புறம் அவனோட அடையாள அட்டை. ரெண்டும் இல்லாம அங்க உள்ளேயே விட மாட்டாங்களாம்.”

“இதோ,” என்று நடந்தவள் அறைக் கதவின் முன்னால் நின்றாள். கைப்பிடியைத் திருகினாள். இன்னொரு தடவை திருகினாள்.

“என்ன ஆச்சு?”

“பூட்டியிருக்கு.”

“சாவி?”

“பையில.”

“பை எங்கே?”

அவள் கதவைப் பார்த்தாள்.

“சரி, இன்னொரு சாவி?”

“அதே வளையத்துல.”

இரண்டு சாவியையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று தம்பி நூறு தடவை சொல்லியிருக்கிறான். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் தொலையாது என்பது அவளுடைய கட்சி.

வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் இருபத்தைந்து வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். மனிதருக்கு ரகசியம் பேசவே வராது. “எதுக்கு இதைப் பூட்டினே?” என்று கேட்டபோது கூடத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, வாசலில் நின்ற வண்டி டிரைவரும் எட்டிப் பார்த்தார். “வீடு முழுக்க ஆளு இருக்கிறப்ப யாராவது ரூமைப் பூட்டுவாங்களா?”

அவள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு ஆசிரியை சுவரோரம் நின்ற மூன்று பேரைப் பார்த்தாள். பிறகு மற்ற ஆசிரியை பார்த்தாள். தாளாளர், “ஓ,” என்றார். மிகச் சின்ன ‘ஓ’தான், ஆனால் அதற்குப் பிறகு கூடத்தில் யாருக்கும் விளங்காமல் இருக்கவில்லை. அந்த மூன்று பேருக்கும்தான். டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

“நல்ல பூட்டுக்காரர் யாரையாவது…” என்று எதிர் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊரிலேயே நல்ல பூட்டுக்காரன் கூடத்தின் நடுவில் படுத்திருந்தான்.

வீட்டுக்காரர் அவள் காதருகே குனிந்தார். அவருக்கு அது ரகசியம். “அந்த நெட்டைகிட்ட கேளேன். அவனுக்குத் திறக்கத் தெரியாததா?”

கேட்கத்தான் வேண்டியிருந்தது. கதவிலிருந்து சுவருக்குப் பத்தடி இருக்கும். வருடம் முழுக்க மேடை ஏறிப் பேசுகிறவளுக்கு அந்தப் பத்தடி நடப்பதற்குள் ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. எந்த மூன்று பேரிடமிருந்து காப்பாற்ற அறையைப் பூட்டினாளோ அவர்களிடமே போய்த் திறந்து கொடு என்று கேட்பதை எப்படித் தொடங்குவது.

“கொஞ்சம்… அந்தக் கதவைத் திறந்து குடுக்க முடியுமா?”

நெட்டையன் கோத்திருந்த கைகளைப் பிரிக்கவில்லை. “மன்னிச்சுக்கங்கக்கா. நாங்க பூட்டைத் தொடறதில்லை.”

“அவசரம். வண்டி நிக்குது.”

“தெரியுதுக்கா. அண்ணன்கிட்ட வாக்கு குடுத்திருக்கோம். சாவி இல்லாம எந்தப் பூட்டையும் தொட மாட்டோம்னு. யார் கேட்டாலும் சரி, எதுக்காக இருந்தாலும் சரி.”

“இது அவனுக்காகத்தான். அவனோட பேப்பர்தான் உள்ள இருக்கு.”

“நானே உள்ள மாட்டிக்கிட்டாலும் நீ திறக்கக் கூடாதுடான்னு சொல்லியிருக்காருக்கா.” அவன் உதடு லேசாக அசைந்தது. “சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.”

அதுவரை வாயே திறக்காத குள்ளன் சொன்னான்: “அக்கா சொன்ன அன்னைக்குத்தானே வாக்கு வாங்கினாரு.”

“சும்மா இருடா,” என்றான் நெட்டையன்.

“என்ன சொன்னேன் நான்?” என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டாம்.

நெட்டையன் கொஞ்சம் தயங்கினான். “தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் அன்னைக்கு மத்தியானமே கடையைச் சாத்திட்டு எங்க மூணு பேரையும் உக்கார வெச்சாரு. ‘எங்கக்கா பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கு, என் சேர்க்கை சரியில்லைன்னு. எங்கக்கா எதையும் யோசிக்காம சொல்லாது. எனக்கு வேற சேர்க்கைக்குப் போக்கிடம் கிடையாது. அதனால இருக்கிற சேர்க்கையைத்தான் சரி பண்ணணும்’னாரு. பதினோரு வருஷம் ஆச்சுக்கா. இவனுக்கு பேக்கரியில வேலை கேட்டு நாலு மாசம் நடந்தாரு.”

அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல மார்க் வாங்கிய பையன் விடைத்தாளை நீட்டுகிற மாதிரி சொன்னான். குத்திக்காட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எதிரில் உட்கார்ந்து, “இவன் இப்ப பெயின்ட் அடிக்கிறான்க்கா, அவன் துணி தேய்க்கிறான்க்கா,” என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான். அவள் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே ‘உம்’ கொட்டியிருக்கிறாள். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அந்த அறையில் அவரும் இருந்தவர்தான்.

“அப்ப உடைக்கத்தான் வேணும்,” என்றார் வீட்டுக்காரர்.

“உடைங்க சார். ஆனா பூட்டு உடையாது,” என்றான் நெட்டையன். கொஞ்சம் பெருமை கூட இருந்தது அவன் குரலில். “அண்ணன் போட்டது. கதவுதான் உடையும்.”

டிரைவர் வண்டியிலிருந்து கடப்பாரை எடுத்து வந்தார். கீல் பக்கம் முனையைக் கொடுத்து நெம்பினார். மரம் முனகியது. இரண்டாவது நெம்பலில் மேல் கீல் பிய்ந்து வந்தது. ஆசிரியைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். செத்தவனுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சத்தமா என்று டீச்சருக்கு ஓடிப்போய் அவன் காதைப் பொத்த வேண்டும்போல் இருந்தது. மூன்றாவது தடவை டிரைவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். கதவு நெடுக்கப் பிளந்து ஒரு பாதி உள்ளே விழுந்தது, இன்னொரு பாதி பூட்டோடு நிலையிலேயே தொங்கியது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அறை பட்டப்பகலில் திறந்து கிடந்தது. கட்டில்மேல் மடிக்கணினி, ரேடியோ, வீட்டுக்காரரின் புதுக் காலணி, இரண்டு கைபேசி. நடுவில் சுவர்க் கடிகாரம் மல்லாந்து படுத்து ஓடிக்கொண்டிருந்தது. தாளாளர் அதைப் பார்த்தார். பிறகு கூடத்துச் சுவரில், மூன்று பேர் தலைக்கு மேலே, சுண்ணாம்பு மங்காமல் வட்டமாகத் தெரிந்த இடத்தைப் பார்த்தார். “ஸ்கூல்ல குடுத்ததுதானே அது,” என்றார்.

அவள் பிளந்த கதவைத் தாண்டி உள்ளே போனாள். பையைத் திறந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தேடினாள். விரல்கள் முதலில் சாவி வளையத்தைத்தான் தொட்டன. அடையாள அட்டையில் தம்பி கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், முழுக்கைச் சட்டையில், யாரோ எதையோ கேட்கப்போகிறார்கள் என்பதுபோல. இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அவற்றைப் பார்த்தபடியே வாசலுக்கு நடந்தார்.

“தூக்க ஆளு வேணும்,” என்றார் டிரைவர். “என்னோட சேர்த்து நாலு பேரு.”

டீச்சர் திரும்பினாள்.

மூன்று பேரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். எப்போது திரும்பினார்கள் என்று தெரியவில்லை. கதவு விழுந்தபோதே இருக்க வேண்டும். நெட்டையனின் முகம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. மூவரும் இப்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் இப்படித்தான் நிற்பார்கள். ஆனால் இவர்களை யாரும் நிற்கச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்கள் மட்டும் பார்க்கவில்லை.

அவள் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மூவரின் பெயரையும் தம்பி சொல்லியிருக்கிறான். அதுமட்டும் ஞாபகத்தில் இல்லை.

“எடுத்தாச்சு,” என்றாள்.

நெட்டையன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, பணிவாக, “கதவைச் சாத்திட்டுச் சொல்லுங்கக்கா, திரும்பறோம்,” என்றான்.

அவள் அறையைப் பார்த்தாள். சாத்துவதற்குக் கதவு இல்லை. வாசலில் டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்று பேரும் அவள் சொல்லட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள்.